பீச் மரங்கள் நிற்கிற இடம்

வாளையார்
8.12.2024

அன்புள்ள ராமலட்சுமிக்கு,

நலம். பஞ்சர் கடையில் மூச்சுவிட நேரமில்லை. போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். போன வாரம் வந்தபோது நீ வைத்த ஐந்து பீச் பழ மரங்களையும் பார்த்தேன். ஓர் இலை இல்லை. செத்த குச்சிகளுக்கு எதற்குக் காவல்? அங்கே ரிசார்ட் நடத்துகிற ஜிபி, வண்டி நிறுத்த அந்த இடத்தைக் கேட்கிறான். ஞாயிறன்று அளக்க வருவான். டீ கொடு. விற்றுவிட்டு இங்கே வந்துவிடு. புருஷன் இங்கே இருக்க, நீ மலையில் தனியாக எத்தனை நாள் கிடப்பாய்?

உன்
பாண்டீஸ்வரன்

சித்திரபுரம்
17.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஜிபிக்கு டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, "சேச்சி, மரத்தை வெட்டிட்டு அளக்கலாம்" என்றார். கிளையை நகத்தால் கீறிப் பச்சையைக் காட்டினேன். "குளிருக்கு எலை கொட்டியிருக்கு, உசிரு போகல. இது எங்கப்பா எனக்கு எழுதி வச்ச எடம். டேப்பைச் சுருட்டுங்க" என்றேன். "சேட்டன் வெட்டச் சொல்லியாச்சு" என்று கூட வந்த ஆளை ஏவினார். தடுப்பதற்குள் ஒரு மரம் போய்விட்டது. அடுத்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ரோசியும் வந்து உட்கார்ந்தாள். அவர்கள் வண்டி கிளம்பும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

நீங்களா வெட்டச் சொன்னீர்கள்? உள்ளதை எழுதுங்கள்.

உங்கள்
ராமலட்சுமி

வாளையார்
26.12.2024

ராமலட்சுமிக்கு,

ஆமாம், நான்தான் சொன்னேன். மரம் இருக்கும்வரை நீ அசைய மாட்டாய். உனக்கு மரம் வேண்டுமா, நான் வேண்டுமா? நீ கையெழுத்துப் போடும்வரை அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன்.

பாண்டீஸ்வரன்

சித்திரபுரம்
9.2.2025

மாமாவுக்கு,

பதில் எழுதத் தாமதம். வேலை இருந்தது. காந்தல்லூர் போய் ஒட்டுக்கன்று ஒன்று வாங்கி வந்தேன். வெட்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் குழியெடுத்து, சாணம் போட்டு நட்டேன். மற்ற நாலும் பூத்திருக்கின்றன. இலையே இல்லாமல் கிளை முழுக்க ரோஸ் நிறம். சுற்றுலா வந்தவர்கள் காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்.

மரமா நீங்களா என்று கேட்டீர்கள். விற்கச் சொல்லாமல் கூப்பிட்டிருந்தால், மரத்தையும் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை வாளையாருக்கு வந்து உங்களுக்குச் சமைத்துப் போட்டிருப்பேன். என் மண்ணில் நிற்பதை என்னைக் கேட்காமல் வெட்டச் சொன்னவரோடு எப்படி ஒரே வீட்டில் படுப்பேன்? கையெழுத்து இந்த ஜென்மத்தில் கிடையாது.

உங்கள் சட்டை, வேட்டி, சவரப் பெட்டி எல்லாம் குப்பண்ணன் லாரியில் வருகின்றன. எண்ணிப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். கம்பளியை அனுப்பவில்லை. அந்தச் சூட்டில் உங்களுக்கு அது எதற்கு? இங்கே இன்னும் குளிர் விடவில்லை, எனக்கு வேண்டும்.

ராமலட்சுமி