பொம்மு சிரித்தாளாம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என் பொம்முவைத் தூக்கிக்கொண்டு போய் இன்றோடு எட்டு நாள். ஒழுங்காகப் பால் குடிக்கிறாளா? போன் பண்ணவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போனைக் காதில் வைத்தால் கை கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. மறைந்த கொஞ்ச நேரத்தில் போன் தரையில் கிடக்கிறது.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொட்டால் எதுவும் தெரிவதில்லை. கை அசைகிறது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். வக்கீல் ஆபீசில் குனிந்துகூடப் பார்க்காமல் டைப் அடித்தவள், இந்த நாலு வரிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு காலிங் பெல் அடித்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆறு மாதக் குழந்தை கீழே. மெத்தை கிடந்ததால் பிழைத்தாள். "கையிலிருந்து விழுந்தது உனக்குத் தெரியவே இல்லையா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவள் அழுதுதான் எனக்குத் தெரிந்தது, அக்கா.

நீயே வளர்த்துவிடு. நான் தாயாக இருக்க லாயக்கில்லை.

உன் சின்னி


மார்ச் 9

என் செல்லச் சின்னி,

பொம்மு சுகம். நேற்று என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். திருப்பி வாங்கினால் தெருவே கூடும்படி அழுகை. பிடிவாதத்தில் உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதே தெரியவில்லை. 'வளர்த்துவிடு' என்று எழுத எப்படியடி மனசு வந்தது? கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பெண்ணுக்குக் கதவே திறப்பதில்லையாமே, உன் வீட்டுக்காரர் சொன்னார். சாப்பாடும் இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். எனக்கும் திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்து கத்துவேன். என் தொண்டை உனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

நீ வந்து போனபின் இரண்டு நாள் பேனாவையே எடுக்கவில்லை.

சோபாவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி, "பிடிச்சுக்கோ, நான் இருக்கேன்ல" என்று பொம்முவைக் கொடுத்தாய். பிடித்தேன். பத்து நிமிஷம் விடவில்லை. நீ கைதட்டினாய். "ஐயோ, உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாடி, நிமிர்ந்து பாரேன்!" என்றாய். நான் நிமிரவில்லை. உன் முகம் சுண்டியிருக்கும், தெரியும்.

எப்படிப் பார்ப்பேன்? அவள் முகத்தைப் பார்த்தால் என் கை போய்விடும். அந்தப் பத்து நிமிஷமும் என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொம்மு சிரித்தாளாம். நீ சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் நீயே அவளைத் தூக்கி, "அம்மாவுக்கு முத்தம் குடு" என்று என் கன்னத்தில் வைத்தாய். முகத்தில் எனக்கு எல்லாம் தெரிகிறது, அக்கா. அந்தச் சூடு, எச்சில், மூச்சு. நீங்கள் போனபிறகு அன்று முழுக்க முகம் கழுவவில்லை.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். அவள் உன்னிடமே இருக்கட்டும், உன் மகளாகவே வளரட்டும். ஆனால் ஞாயிறு தவறாமல் கொண்டு வா. என் கையில் மட்டும் கொடுக்காதே. நீ பிடித்துக்கொள். என் கை எங்கே வேண்டுமானாலும் போய்க் கிடக்கட்டும். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

சின்னி