பேய் குனிந்து போன தெரு

கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை அடித்தது. உள்ளே ஒரு டிவிடி. முன்னட்டையில் கதாநாயகன் லாந்தர் விளக்கைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறான். பின்னட்டையில், ஓர் ஓரமாக, கட்டைவிரல் அளவுக்கு நீ. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு, தாடையைச் சுற்றிக் கட்டு, மூக்கில் பஞ்சு. நீ நடித்த ஒரே சினிமா, வீட்டில் போட்டுப் பார்க்கும்படி இப்போது வந்திருக்கிறது. இதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஆளே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சென்னையிலிருக்கும் என் மகள்தான் எங்கேயோ பார்த்து வாங்கி அனுப்பினாள். வெளியானபோது ஒரு வாரம்கூடத் தாங்காத படம். பயப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சனங்கள் பாதியில் எழுந்து போனார்கள். இப்போது அதற்காகவே மெச்சுகிறார்களாம். பழைய பிரதியைத் தூசு தட்டி, நிறத்தைச் சரிசெய்து, புகழ்ந்து எழுதிய தாள் ஒன்றையும் கூடவே வைத்திருக்கிறார்கள். அதில் உன் பெயரைத் தேடினேன். இல்லை. நீ செய்த காரியம் மட்டும் இருக்கிறது, டைரக்டரின் நுட்பம் என்று.

அது என்ன நுட்பம் என்று நமக்குத் தெரியாதா? பிணமாக நடிக்க வந்த ஆள் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்ததும், டைரக்டர் நம் தெருவில் ஆள் தேடினார். உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவருக்கு மேக்கப்பே வேணாம்" என்றார். வேறொருவன் என்றால் கோபித்துக்கொண்டிருப்பான். நீ, "படுத்துக்கினு இருக்கணும், அவ்ளோதானே சார்? அது எனக்கு நல்லா வரும்" என்றாய். நான் பஸ் டெப்போவுக்கு லீவு சொல்லிவிட்டு உன் பாடைக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

ஒப்பாரி நடுவே நீ எழுந்து உட்கார வேண்டும். பெண்கள் அலறியடித்துத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் ஓட, நீ துரத்த வேண்டும். தெரு நடுவில் பாவு போட்டிருந்தார்கள். நெய்வதற்கான பட்டு இழைகளை இடுப்பு உயரத்தில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தது. அதையெல்லாம் அறுத்துக்கொண்டு கூட்டம் பாயும் என்று டைரக்டர் நினைத்திருக்கிறார், பாவம். தலைவிரிகோலமாக ஓடிய நம் தெருப் பெண்கள் பாவுக்கு முன்னால் டக்கென்று நின்றார்கள். கூந்தலைக் கையில் சுருட்டிக்கொண்டு, ஒவ்வொருத்தியாகக் குனிந்து அந்தப் பக்கம் போனார்கள். போய் நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி அலறினார்கள். பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்த பேயும் நின்றது. கோடித்துணியை வாரிச் செருகியது. ஓர் இழையும் அசங்காமல் குனிந்து நுழைந்து, அந்தப் பக்கம் நிமிர்ந்து, மறுபடி உறுமியது.

"யோவ், பேய் எதுக்குய்யா குனியுது?" என்று கத்தினார் டைரக்டர்.

"பேய்னா மட்டும் பாவுல மோதலாமா சார்? பக்கத்து வூட்டுக்காரரு பாவு அது" என்றாய்.

கேமராமேன் சிரித்த சிரிப்பில் அது அப்படியே படத்தில் தங்கிவிட்டது. வெளியூரில் எல்லாம் அந்த இடத்தில் சிரித்தார்களாம். நம் ஊர் தியேட்டரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாவைக் கண்டால் குனிகிறார்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நீ ஒருவன்தான் விழுந்து விழுந்து சிரித்தாய். டிக்கெட் கிழிப்பவர் உன் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, செத்தவனே உட்கார்ந்திருக்கிறான் என்று அரண்டு போனார்.

உன் மனைவிதான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. படப்பிடிப்பு சமயம் மாகறலில் தாய்வீட்டில் இருந்தவள், திரும்பி வந்து என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "வேசம்னாலும் பாடையில படுக்கலாமா? நீயாவது சொல்லக் கூடாதாண்ணா? என் தாலி உங்களுக்கு அவ்ளோ எளப்பமா போச்சா?" என்றாள். உன்னைக் கோயில் குளத்தில் முழுக்காட்டிய பிறகுதான் வீட்டுக்குள் விட்டாள். அதன் பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவள் முன்னால் நாம் வாய் திறந்ததில்லை.

போன ஐப்பசியில், வெறும் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன உன்னை நடுவீட்டில் கிடத்தினார்கள். அதே காசு, அதே கட்டு. யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். ஒப்பாரி ஓங்கியபோது நான் உன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுந்துவிடுவாய் என்று நிஜமாகவே நினைத்தேன்.

நாள் முழுக்க வாயாடிக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவன் மட்டும் மிஞ்சினால் அவன் என்ன செய்வான்? டிவியில் செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போடுகிறேன். அவர் பதில் சொல்வதில்லை. எனக்குத் தனியாக இருக்கிறதடா.

இந்தப் படத்தைத் தனியாகப் பார்க்க என்னால் முடியாது. போட்டுப் பார்க்க என் வீட்டில் பிளேயரும் இல்லை. விசாரித்தவர்கள் எல்லோரும் எப்போதோ பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். உன் வீட்டு பீரோ மேலே உறை போட்டு ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். போகத்தான் பயமாக இருந்தது. "அன்னிக்கே சொன்னேனேண்ணா" என்று உன் மனைவி கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், உரிமையோடு போய் உட்கார இந்த ஊரில் எனக்கு வேறு வீடு கிடையாது.

நேற்று முற்பகல் துணிந்து போனேன். பின்னட்டையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"வேணான்னா எடுத்துக்கினு போயிடறேம்மா" என்றேன்.

"இதுல பேசறாரா?"

"பேச மாட்டான். உறுமுவான்."

உள்ளே போய்விட்டாள். சரி, அவ்வளவுதான் என்று செருப்பைத் தேடினேன். அவள் முக்காலியோடு வந்து, பிளேயரை இறக்கி, முந்தானையால் துடைத்தாள். "போடுண்ணா" என்றாள்.

பாடை வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒப்பாரிக்கு அவள் முதுகு குலுங்கியது. நிறுத்திவிடலாமா என்று ரிமோட்டைத் தேடும்போது பெண்கள் அலறினார்கள். "இப்ப பாரும்மா" என்றேன். திரும்பினாள். நீ எழுந்து உட்கார்ந்திருந்தாய். பிறகு ஓடினாய், நின்றாய், துணியை வாரிக்கொண்டு குனிந்தாய்.

"பாரேன்" என்றாள். "யார் வூட்டு பாவோ, எப்பிடி பதவிசா போறாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த இடத்துக்கு நம் ஊரில் உனக்கு அடுத்துச் சிரித்தவர்கள் நாங்கள்தான்.

நீ அந்தப் பக்கம் நிமிர்ந்தாய். முகத்தில் வெயில்.

"நிறுத்துண்ணா. இத்தோட போதும். படப்பொட்டி இங்கயே இருக்கட்டும்."

நிறுத்தினேன். காபி போடட்டுமா என்று கேட்டாள். இன்றைக்கும் வரச் சொல்லியிருக்கிறாள்.

படம் அதோடு முடியவில்லை. உன்னைப் பிடித்து மறுபடி படுக்கவைத்துக் கட்டுகிறார்கள், தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐப்பசியிலும் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். நான்தான் கடைசிவரை உன்கூட வந்தேன். அவள் வீட்டில் நீ நின்றுகொண்டே இரு. மிச்சத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.