ஞாயிற்றுக்கிழமை நரேலாவுக்குப் போகிறோம்

லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி
புதன்கிழமை

அன்புள்ள ஷ்ரேயாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். அந்த ஊர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளை ப்ரணவும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முழுசாகப் பேச விடுவதில்லை, அதற்குத்தான். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், மெதுவாகவே படி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாக்கிங் மட்டும் இந்தப் புகையில் வேண்டாமென்று நிறுத்தி வைத்திருக்கிறேன், வீட்டுக்குள்ளேயே ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்து டப்பாவைத் திறந்து முறுக்கு எடுத்துக்கொள்கிறார். நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஒரு ஸாரி சொல்லிட்டு அந்த கைடு வேலைய விட்டுடும்மா, இந்த வயசுல விசில் ஊதிண்டு பார்க்ல நிக்கணுமா" என்றாய். முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அப்பா உன்னிடம் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார், மீதியையும் கேள், அதில் என் தப்பும் இருக்கிறது.

ஏப்ரலில் இந்தப் பார்க்கில் கூடும் சாரணியர் குழுவுக்கு, அதுதான் இந்த கைடு குழுவுக்கு, நான் கேப்டனாகச் சேர்ந்தது உனக்குத் தெரியும், கேப்டன் என்றால் எந்தக் கப்பலுக்கு என்று அப்பா இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இருபத்திரண்டு பெண்கள், பத்து வயதிலிருந்து பதினாறு வரை. ஏழு நாள் பயிற்சியில் முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் இடது கையால் கை குலுக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். முப்பத்துநான்கு வருஷம் அமைச்சகத்தில் ஃபைல் பார்த்தவளை ஏழு நாள் என்ன செய்யும்? வந்த முதல் வாரமே கோடு போட்டு வருகைப் பதிவேடு திறந்துவிட்டேன். இந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் ஐந்தாறு பேராக அணி பிரிந்திருப்பார்கள், அணிக்கு ஒரு தலைவி. அந்தத் தலைவிகள் மட்டும் கூடி உட்கார்ந்து யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது, யார் உறுதிமொழி எடுக்கத் தயார் என்று முடிவு செய்வார்கள். கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்லலாம், ஓட்டுப் போட முடியாது. இதைப் பயிற்சியில் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவள்தான் நான். சின்னப் பெண்கள்தானே என்று நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அம்பிகா என்று பதின்மூன்று வயதுப் பெண், ஜங்புராவில் நம் தமிழ் ஜனங்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் இருந்தாள், அம்மா பவுனு அந்தப் பக்கம் நாலு வீட்டில் வேலை செய்கிறாள். முடிச்சு எல்லாம் எனக்கு முன்னால் கற்றுக்கொண்டவள், உறுதிமொழி எடுத்து ஸ்கார்ஃப் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஜூலையில் மூன்று ஞாயிறு வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, காரணம் கேட்டு நோட்டீஸ் டைப் அடித்து கேம்ப் விலாசத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். அப்படி ஒரு வீடு இல்லை என்று தபால்காரர் எழுதி அது திரும்பி வந்தது. அந்த உறையைப் பதிவேட்டில் ஆதாரமாக ஒட்டி, பெயரை அடித்து, குழுவை நடத்தும் காலனிக் கமிட்டியின் தலைவர் கௌதமனிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். கேம்ப்பை ஜூனில் இடித்துவிட்டார்கள் ஷ்ரேயா. அந்தச் செய்தியைக் காபி குடித்துக்கொண்டே பேப்பரில் படித்து, பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திருப்பியவள் நான். வீட்டை இடித்த செய்தியும் இந்தப் பெண்ணும் என் மண்டையில் ஒன்றாகச் சேரவே இல்லை. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை அம்பிகா வந்தாள். நரேலாவில் வீடு கொடுத்திருக்கிறார்களாம், தில்லியின் அந்தக் கோடி, அன்றைக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்து அங்கிருந்து மூன்று பஸ் மாறி, இஸ்திரி போட்ட யூனிஃபார்மோடு வந்து வரிசையில் நின்றாள். பெயர் கூப்பிட்டேன், அவள் பெயர் இல்லை. கடைசிப் பெயர் முடிந்த பிறகும் விறைப்பாக அப்படியே நின்றாள், தன் பெயர் இனிமேல் வரும் என்று நினைத்திருக்கிறாள். நான் பதிவேட்டைக் காட்டி, மூன்று ஞாயிறு வராவிட்டால் பெயர் போய்விடும் என்று விதியைச் சொன்னேன். உடனே அவள் அணித்தலைவி ஜ்யோத்ஸ்னா, எதிர் பிளாக்கில் இருக்கிறாளே அந்த வாயாடி, முன்னால் வந்து, இவள் எங்கள் அணிப் பெண் என்று ஹிந்தியில் ஆரம்பித்து, "ஆண்ட்டி, யே ஹமாரி பேட்ரோல் கி லட்கி ஹை, என்னைக் கேக்காம எப்படி பேர் எடுத்தீங்க, ஒன்லி நாங்கதான் எடுக்க முடியும்" என்றாள். பதினைந்து வயது, சரியான விதியைச் சரியான இடத்தில் சொன்னாள். என் சர்வீஸில் என்னிடம் அப்படிக் கேட்ட ஆபீசர் ஒருத்தர் கிடையாது. அன்றே நாலு தலைவிகளும் வேப்பமரத்தடியில் கூடினார்கள், அம்பிகா குழுவில்தான் இருக்கிறாள், ஆண்ட்டி அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று முடிவு.

போனேன். பவுனுவிடம் நோட்டீஸ் விஷயத்தை நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் ஸ்டவ்வில் டீயை வைத்துவிட்டு, "நோட்டீசு எங்களுக்குப் புதுசாம்மா, அதோட அதுவா இருந்துட்டுப் போவட்டும். இந்தப் பொண்ணுதான் ஞாயித்துக்கெழமன்னா துணிய இஸ்திரி போட்டு வெச்சிக்கினு பஸ்சுக்கு ஆள் கெடைக்குமான்னு பாத்துக்கினே இருந்தா" என்றாள். பவுனு காலை ஐந்து மணிக்கே கிளம்பி ஜங்புராவுக்கு வேலைக்கு வருகிறாள், ஞாயிறும் லீவு கிடையாது, பெண்ணைத் தனியாக அனுப்பவும் பயம்.

பெயரைத் திரும்பச் சேர்க்க கௌதமனிடம் போனால், நீங்களே எழுதி நீங்களே நீக்கினது மேடம், நரேலா நம்ம ஏரியாவே இல்ல, அங்க ஒரு குரூப்ல சேரட்டும் என்கிறார். அங்கே குழு இருக்கிறதா என்றால் தெரியாதாம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, அந்த மாதிரிப் பிள்ளைகளால மத்த பேரண்ட்ஸுக்கும் சங்கடம் என்றார். அதுவரைக்கும் நானும் பணிவாகத்தான் பேசினேன். என்ன சங்கடம் என்று எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன், இன்று வரை கொடுக்கவில்லை. நான் இதைத் தலைவிகளிடம் சொன்னேன். அம்பிகா இங்கே வர முடியாவிட்டால் நாம் அங்கே போவோம், உறுதிமொழி நரேலாவில், இந்த ஞாயிறு என்று நாலு பேரும் கை தூக்கினார்கள். எனக்கு ஓட்டு இல்லை, இருந்தால் நானும் தூக்கியிருப்பேன். பெற்றோர் கையெழுத்து வாங்கினோம், இருபத்தொன்றில் பதினாலு பேர் போட்டார்கள், மற்ற வீடுகளில் புகை என்கிறார்கள், பரீட்சை என்கிறார்கள், இருக்கட்டும். எனக்குப் பயிற்சி கொடுத்த அம்மாள் தானே வந்து நடத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

விஷயம் தெரிந்து கௌதமன் வீட்டுக்கே வந்துவிட்டார். ஞாயிறு அங்கே போனால் திங்கட்கிழமை விசிலையும் பதிவேட்டையும் ஒப்படைக்க வேண்டும், போகாமல் ஒரு வருத்தக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடலாம் என்றார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது, அக்கம்பக்கத்தில் எதற்கு வம்பு என்று அன்று மாலையே உனக்குப் போன் போட்டது அதற்குத்தான். பதிவேட்டை இப்பவே எடுத்துண்டு போங்கோ, பெண்கள் என்கூட வருவா என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டேன். வருத்தம் தெரிவிக்க வேண்டியவளிடம் தெரிவித்தாகிவிட்டது, இவருக்குத் தெரிவிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. டிசம்பரில் உன்னிடம் வந்துவிடச் சொல்கிறாய். ஆசையாக வருவேன், ஆனால் இதற்குப் பயந்து ஓடி வரமாட்டேன். முப்பத்துநான்கு வருஷம் மேலே இருப்பவர் முகம் பார்த்தே ஃபைலில் நோட் எழுதினேன், அந்தப் பழக்கத்தில்தான் ஒரு குழந்தையின் பெயரை அடித்தேன். இன்னொரு தரம் அடிக்க மாட்டேன்.

உனக்கு ஒன்று சொல்லவில்லையே, கேப்டனும் உறுதிமொழி எடுக்க வேண்டும், நான் இன்னும் எடுக்கவில்லை. அதுவும் அன்றைக்குத்தான். அம்பிகா முதலில், அவளுக்குப் பின்னால் நான் என்று தலைவிகள் வரிசை போட்டிருக்கிறார்கள். அப்பா வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே நேற்று என் யூனிஃபார்மை அவரே இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார், அதைப் பற்றி நீ எதுவும் கேட்காதே.

நீயும் ப்ரணவும் நூறாண்டு நன்றாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், ராத்திரி சாதத்துக்குப் பதிலாகப் பிஸ்கட் தின்று தூங்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா ருக்மிணி,
கைடு கேப்டன், அந்தப் பெண்கள் போகச் சொல்லும்வரை