மூன்று பாத்திரம் மாவும் ஒரு தடையும்

கேட்காமலே என் தட்டில் இன்னொரு தோசை போட்ட அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணன் ஃபேனுக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துவரப் போன உங்கள் பிள்ளை கெவின் இன்னும் இறங்கி வரவில்லை, போனில் யாருடனோ பேச்சு. டினா எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் கடிதம் நீளமாகப் போகிறதா என்று மட்டும் பார்க்கிறாள். இதை எழுதியே ஆக வேண்டும் என்பது அவள் நிபந்தனை. முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டும், அதுவும் அவள் உத்தரவு. உங்கள் மகள் வேறு எப்படி இருப்பாள்?

சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம், அண்ணி. முப்பத்தெட்டு வயதில். சிரிக்காதீர்கள். மாப்பிள்ளை பெயர் சேவியர். வீடு இதே ஊரில் ஈஜிபுரா, வேலை பொம்மசந்திராவில். போன வருஷம் எங்கள் கண்ணாடிக் கடைக்குப் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர், மூக்கில் நிற்க மாட்டேன் என்கிறது என்று நாலு தடவை திரும்பி வந்தார். கண்ணாடியில் ஒரு கோளாறும் இல்லை. நாலாவது தடவைதான் எனக்கே புரிந்தது.

கல்யாணமானால் இந்த ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டை விட்டுப் போக வேண்டும். நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம் ஞாபகம் இருக்கிறதா? அதுவரை நான் ஹாஸ்டல்காரி. சனிக்கிழமை கையை வீசிக்கொண்டு வந்து, உங்கள் கையால் சாப்பிட்டுவிட்டு, உங்கள் சமையலில் உப்பு குறை என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போகிற நாத்தனார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜாய்ஸ், டினா பத்தாவது முடிக்கிற வரைக்கும் நீ எங்க வீட்லயே இருந்துடு" என்றீர்கள். "இருக்கேன் அண்ணி, சத்தியமா" என்றேன். அப்போது ஆறு வயது டினா, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பிரித்து நடுவிலிருந்த கிரீமை நக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன்.

நீங்கள் போன இந்த மூன்று வருஷமாக வீட்டில் ஒரு கூத்து நடக்கிறது. உங்கள் வேலைகளை யார் யார் செய்வது என்று நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசவில்லை. அண்ணன் பேசுகிற ஆளா? ஆளுக்கொன்றாகச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டதை வெளியே சொல்லவும் ஒரு மாதிரியாக இருந்தது. அதனால் சனி ஞாயிறு வந்தால் எல்லாமே இரட்டையாக நடக்கிறது. இரண்டு கட்டு கொத்தமல்லி வருகிறது. கொசுவலை இரண்டு தடவை துவைபடுகிறது. மீன் தொட்டிக்கு இரண்டு பேர் தீனி போட்டதில் ஒரு மீன் போயே போய்விட்டது.

நேற்றைய கதையைக் கேளுங்கள். காலையில் எழுந்ததும் அரிசியும் உளுந்தும் ஊற வைத்தேன். அப்புறம் துணி போடப் பின்பக்கம் போனால், வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு பெரிய தட்டுப் போட்டு மூடி இன்னொரு பாத்திரம். திறந்தால் அதிலும் அரிசி, உளுந்து. வெந்தயம்கூட மறக்கவில்லை. கெவினின் வேலை. மீசை அரும்புகிற வயது, உளுந்து ஊற வைப்பதைத் தங்கை பார்த்தால் சிரிப்பாள் என்று ஒளித்து வைத்திருக்கிறான். நானும் பார்க்காத மாதிரி இரண்டையும் கிரைண்டரில் போட்டு அரைத்தேன். யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று கம்பெனியிலிருந்து போன் வர, விடிந்ததும் ரிப்பேருக்கு ஓடிய அண்ணன் ஒரு மணிக்கு வந்தார். கையில் இரண்டு பாக்கெட் தோசை மாவு.

"வீட்ல மாவு இருக்காதேன்னு வாங்கியாந்தேன்" என்றார்.

டினா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கெவின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று பாத்திரம் மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு தூக்குப் போகிணியில் ஊற்றி எதிர்வீட்டு சாவித்ரம்மாவுக்கு டினாவிடம் கொடுத்தனுப்பினேன். "ஏனம்மா, அங்கடி ஷுரு மாடித்ரா?" என்று கன்னடத்தில் கேட்டாராம். கடை ஆரம்பித்துவிட்டோமா என்று. இந்த வேகத்தில் போனால் ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சாப்பிட்டுவிட்டு டினாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் இஸ்திரிக் கடை. "சார் இப்பதான் வந்து எடுத்துனு போனாரு மேடம்" என்றார் கடைக்காரர். வழக்கம்போல. அடுத்தது டெய்லர். மாஸ்டர் அளவு எடுத்துக்கொண்டே, "கல்யாண ப்ளவுஸ் மேடம், கை கொஞ்சம் நீளமா வெக்கலாம்" என்றார். டினா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யாரு கல்யாணத்துக்கு அத்தை?"

அண்ணன்தான் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லிவிட்டாரே, இவள் என்னைச் சீண்டுகிறாள் என்று நினைத்தேன். "ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறியா?" என்று கன்னத்தைக் கிள்ளினேன். மாஸ்டர் முன்னால் வெட்கமாகவும் இருந்தது. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

சாயங்காலம் நாலு பேரும் சிவாஜி நகர் போனோம், கெவினுக்கு ஷூ வாங்க. அவன் கால் அண்ணன் காலைத் தாண்டிவிட்டது, அண்ணி. கடைக்காரர் அடுத்த அளவு, அடுத்த அளவு என்று எடுத்துப் போட, அண்ணன் தன் காலையே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். வெளியே வந்து பானிபூரி சாப்பிட்டோம். எப்போதும் என் தட்டிலிருந்து ஒன்றைத் தூக்குகிற டினா பேசாமல் நின்றாள். நான் போகிற வருத்தம்போல, பாவம் என்று நினைத்து நானே என்னுடையதில் ஒன்றை ஊட்டிவிட்டேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது இன்று காலை தெரிந்தது.

காலையில் தமிழ்ப் பூசை. உங்களுக்குப் பிடித்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம், இடப்பக்கம், ஜன்னலை ஒட்டி. நற்கருணை வாங்கி முடிந்து ஃபாதர் அறிவிப்புகளை வாசிக்க ஆரம்பித்தார். மறைக்கல்வி நேரம் மாற்றம், பாடகர் குழுவுக்கு ஆள் தேவை, அப்புறம் கல்யாண ஓலை. காலஞ்சென்ற சூசைநாதன் மகள் ஜாய்ஸ் என்று வந்ததும் எனக்குக் காது சுட்டது. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும், இது முதல் ஓலை என்று முடித்தார். திரும்பிப் பார்த்தேன். டினாவின் முகம் வெளுத்திருந்தது.

பூசை முடிந்து எல்லாரும் என் கையைப் பிடித்து வாழ்த்திக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளையைக் காணோம். மாதா கெபிப் பக்கம் இல்லை. வாசலில் இல்லை. அண்ணன் ரோடு வரைக்கும் ஓடிவிட்டு வந்தார். கடைசியில் கெவின்தான் பங்கு அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினான். ஃபாதருக்கு முன்னால் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.

"வாங்க ஜாய்ஸ்" என்றார் ஃபாதர். "உங்க கல்யாணத்துக்குத் தடை சொல்ல ஒருத்தங்க வந்திருக்காங்க. எழுதியே கொடுத்துட்டாங்க. எனக்குத்தான் வாசிக்கத் தெரியல. நீங்களே வாசிங்க."

காணிக்கைக் கவரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கன்னடம்தானே படிக்கிறாள், அதனால் நம் தமிழைக் கன்னட எழுத்தில் எழுதியிருந்தாள். ஃபாதர் திருச்சிப் பக்கம், ஊருக்குப் புதிது. என் கல்யாணத்துக்கு எதிரான தடையை நானே சத்தமாக வாசித்தேன், அண்ணி.

"அத்தை எங்க அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்காங்க. நான் பத்தாவது முடிக்கிற வரைக்கும் எங்க வீட்லயே இருப்பேன்னு. நான் இப்போ நாலாவதுதான். அதனால அத்தை கல்யாணம் பண்ண முடியாது. இப்படிக்கு டினா."

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ சொல்லலியா?" என்றார். "நீங்க சொல்லலியா?" என்றேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமே என்று நான் கேட்டதற்குத் தலையை ஆட்டினாரே, அதை நான் ஒரு மாதிரி எடுத்துக்கொண்டேன், அவர் ஒரு மாதிரி. வாசலில் நின்ற கெவின், "நீங்க போன்ல பேசுனது எனக்குக் கேட்டுச்சு. டினாகிட்ட நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றான். மாவுக்கு மூன்று பேர் ஏற்பாடு செய்கிற வீட்டில், சொல்ல வேண்டிய ஒரே விஷயத்தை ஒருத்தரும் சொல்லவில்லை.

"ஃபாதர், இது செல்லுமா?" என்று டினா கேட்டாள்.

"கல்யாணத்தை நிறுத்துற அளவுக்குச் செல்லாதும்மா. ஆனா உங்க அத்தை உனக்குப் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, ஞானஸ்நானச் சான்றிதழுக்கு நின்ற குடும்பத்தை உள்ளே கூப்பிட்டார்.

நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டேன். அழுதேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. "நீ வேண்டாம்னா நான் போகலைடா" என்றேன். ஒப்புக்குச் சொல்லவில்லை. சேவியரிடம் என்ன சொல்வது என்றுகூட அதற்குள் யோசித்துவிட்டேன். சொன்ன சொல்லை ஒரு குழந்தை மூன்று வருஷம் மனதில் வைத்திருக்கிறாள், நான் டெய்லர் கடையில் அவள் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு என் மேலேயே கோபமாக வந்தது.

"நான் வேண்டாம்னு சொல்லல. அம்மாகிட்ட கேக்காம எப்படிப் போவீங்க?" என்றாள் டினா.

வெளியே வந்ததும் கெவின்தான் வழி சொன்னான். "லெட்டர் எழுதுங்க அத்தை. சாயங்காலம் கல்லறைக்குப் போறப்ப வெச்சிடலாம்." டினா யோசித்தாள். எழுதி, தனக்கு வாசித்துக் காட்டினால், அந்தக் கவரை ஃபாதரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் நல்ல பசி. அண்ணன் முதலில் கல்லைப் பிடித்தார், இரண்டு தோசையைக் கருக்கிவிட்டு நகர்ந்தார். அப்புறம் கெவின் ஊற்றினான். ஓரம் முறுகலாக, நடுவில் மெத்தென்று. எங்கே கற்றான்? உங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருப்பானா? டினா ஒவ்வொன்றாக எடுத்துவந்து பரிமாறினாள். எனக்கு இரண்டு போதும் என்று கையைத் தட்டின் மேல் வைத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் விரலை ஒதுக்கிவிட்டு மூன்றாவதைப் போட்டாள், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நீங்கள் அப்படித்தான் போவீர்கள். நான் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து கெவின் குரல் கொடுத்தான். "அத்தை, அடுத்த வாரத்துலேருந்து ஊற வெக்கிறது நான். அப்பா வாங்க வேணாம், நீங்களும் வெக்காதீங்க." தங்கை பக்கத்தில் நிற்கும்போதே சொன்னான். அவளும் சிரிக்கவில்லை.

நாலு மணி ஆகப்போகிறது. அண்ணன் எழுந்து முகம் கழுவுகிறார். கல்லறைக்குப் போய்விட்டு அப்படியே மெட்ரோ பிடித்து லால்பாக் போவதாகத் திட்டம். சேவியரும் அங்கே வருகிறார், டினா பார்க்க வேண்டுமாம். பூக்காரம்மாவிடம் உங்களுக்கு ரோஜா வாங்க வேண்டும். அதை அண்ணன் வாங்குவாரா, நானா, கெவினா என்று இந்தத் தடவை வாய் திறந்து கேட்டுக்கொண்டோம். டினா வாங்குகிறாள்.

நான் போகட்டுமா அண்ணி?

உங்களுக்கு நான் முதலில் கொடுத்த வாக்கு அப்படியே நிற்காது. அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள். டினா பத்தாவது முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஈஜிபுராவிலிருந்து பஸ் பிடித்து வருவேன். முன்பு உங்களிடம் வந்த மாதிரியே, கையை வீசிக்கொண்டு, சாப்பிட மட்டும். உளுந்து டப்பாவைத் தொட மாட்டேன். உப்பு குறை என்று சொல்ல மாட்டேன். உங்கள் மகள் போடுகிற மூன்றாவது தோசையை வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். சத்தியமா.

மறுபடியும் இந்த வீட்டுக்கு விருந்தாளியாக வரப்போகிற
உங்கள் நாத்தனார்,
ஜாய்ஸ்