விரதம் என்று சொன்னோம்

கே.ஜி.கண்டிகை
4.7.2024

அன்புள்ள நாத்தனார் அனுசுயாவுக்கு,

அண்ணி ஜெயம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அஞ்சாங்கிளாஸோடு பேனாவை வைத்தவளை மறுபடி எழுத வைத்துவிட்டாய். வார்டில் உன் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாமே, வேறென்ன செய்வது? பிழை இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரித்து ரொம்ப நாளாகிறது.

ஊருக்கெல்லாம் இட்லி ஊற்றுகிறவள் வீட்டில் ஒருத்தி பட்டினியால் மயங்கி விழுந்தாள் என்றால் என் கடைக்கு யார் வருவார்கள்? வியாபாரத்தைக் கெடுத்தாயே தாயே!

நேற்று டாக்டர் சுசித்ரா உன் அண்ணனிடம் போனில் பேசினார்கள். நானும் காதை நீட்டிக்கொண்டு கேட்டேன். "இது விரதம் இல்லீங்க. சாப்பாட்டைக் கண்டாலே பயப்படற நோய். மனசுல ஆரம்பிச்சு இதயம் வரைக்கும் போயிடும்" என்றார்கள். முதலில் வார்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடப் பழக்குவார்களாம். தேறினால் பகலில் மட்டும் வந்துபோகலாமாம். அப்புறம் வாரம் ஒருமுறை பேசிவிட்டு வந்தால் போதுமாம். உன் அண்ணன், "ஒரு ஊசி போட்டா சரியாவாதா?" என்று கேட்டார். பாவம், டாக்டரம்மா சிரிக்காமல் பதில் சொன்னார்கள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. செவ்வாய், சஷ்டி, கிருத்திகை என்று நீ வயிற்றைக் காயப்போட்டபோது, "எங்க நாத்தனாருக்கு முருகன் அருள் வந்துகீது" என்று கடை வாசலில் நின்று பெருமை அடித்தவள் நான். பெண்கள் உன் காலில் விழுந்தபோது பக்கத்தில் விபூதித் தட்டோடு நின்றவளும் நான்.

நேற்று அரை இட்லி சாப்பிட்டாயாம். என் கடையில் யாராவது அரை இட்லி கேட்டால் திட்டி அனுப்புவேன். உனக்குக் கை தட்டினேன். சட்னி எப்படி என்று எழுது.

வாயாடி அண்ணி,
ஜெயம்மா


சென்னை
11.7.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்துப் பக்கத்துக் கட்டில்காரம்மாவும் சிரித்தார். சட்னியை நான் தொடவில்லை. தட்டு வந்தாலே கை வியர்க்கிறது. அந்த அரை இட்லிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு எதுவும் என் கையில் இல்லை அண்ணி. பசி மட்டும்தான் நான் சொன்னபடி கேட்டது. டாக்டரிடம் இதைச் சொன்னேன். வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆனால் 29ஆம் தேதி ஆடிக் கிருத்திகை. இந்த வருஷமும் காவடி எடுப்பதாக வேண்டியிருக்கிறேன். எடுக்காவிட்டால் உங்களுக்கெல்லாம் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்போது மலை ஏறினால் உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டர். பரவாயில்லை. 27ஆம் தேதி அண்ணனை அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். ஊரில் யாராவது கேட்டால், கனகம்மாசத்திரத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருப்பதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
அனுசுயா


கே.ஜி.கண்டிகை
16.7.2024

அனுசு,

உன் அண்ணனை அனுப்ப மாட்டேன். மலைக்குப் போய்க் குருக்களைக் கேட்டுவிட்டேன். "உடம்பு முடியாதவாளுக்கு விரதம் ஏதும்மா? வீட்டுல யாராவது ஒருத்தர் எடுத்தாப் போறும்" என்றார். அந்த ஒருத்தர் நான்தான். உன் அண்ணன் இப்போதே என் முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்துவிட்டார். கையெழுத்துப் போட நீ பேனாவைத் தொடாதே.

ஜெயம்மா


கே.ஜி.கண்டிகை
30.7.2024

என் அனுசுக்கு,

27ஆம் தேதி சாயங்காலம் வரை ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இறங்கவில்லை. எனக்கு உயிர் வந்தது.

நேற்றுக் காவடி எடுத்தேன். முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். "ஏந்திரு ஜெயா, பின்னால கூட்டம் வந்துகினு கீது" என்று உன் அண்ணன் கத்தினார். "கூட்டத்தை மின்னால போச் சொல்லு" என்றேன்.

மேலே, எப்போதும் உன் காலில் முதலில் விழுகிற மணியம்மை பிடித்துக்கொண்டாள். "சாமியம்மா வரலியா? கால்ல வுழலாம்னு வந்தேன்" என்றாள். கனகம்மாசத்திரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை.

"அவ சாமி இல்ல மணியம்மா, எங்க அனுசுயா. சாப்புட முடியாத நோயி. ஆஸ்பத்திரில கீறா" என்றேன்.

"இன்னா ஆஸ்பத்திரி? மனசுக்குப் பாக்கறதா?"

"ஆங், அதான். உன் ஊட்டுக்காரரு குடிய நிறுத்தப் போயி, செவுரேறிக் குதிச்சு ஓடியாந்தாரே, அதே மாதிரிதான். எங்க அனுசுயா ஓடலே. ஒக்காந்து வைத்தியம் பண்ணிகினு கீறா."

சுற்றி நின்றவர்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. மணியம்மை முகம் சுண்டிப்போனது. ஆனால் இறங்கும்போது என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய், "அந்த ஆஸ்பத்திரி நெம்பரு குடு ஜெயம்மா, அவர மறுபடி சேக்கணும்" என்றாள்.

உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிட்டேன். தப்புதான். இன்னொரு தப்பும் இருக்கிறது. போன வருஷமே, நீ சோற்றைப் பின்பக்கம் கோழிக்குப் போட்டதைப் பார்த்தேன். ஊர் நம்மை மதித்தது பிடித்திருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால், பயத்தை எதிரே வைத்துக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிட உட்காருகிறாயே, அந்தத் தைரியத்தில் கால்வாசி எனக்குக் கிடையாது.

ஜெயம்மா


சென்னை
6.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்த அன்று உங்கள் மேல் வந்த கோபத்தில் மத்தியானத் தட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். பார்த்தும் பேசாமல் இருந்தீர்களே என்று ஒரு கோபம், இப்போது பேசிவிட்டீர்களே என்று இன்னொரு கோபம். நான் அழுது முடிக்கும்வரை டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இனி ஊரில் எல்லோர் முகத்தையும் எப்படிப் பார்ப்பேன் என்று கேட்டேன். அழுகை ஓய்ந்த பிறகு யோசித்தேன். இனி யாருக்கும் நான் சாமியாக இருக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் வயிற்றில் என்னவோ செய்தது. வலி என்று நினைத்து நர்ஸிடம் சொன்னேன். அவர் நாலு கேள்வி கேட்டுவிட்டு, "பசிம்மா அது" என்றார்.

எத்தனை வருஷம் ஆயிற்று அண்ணி! பயம் போகவில்லை. ஆனாலும் நானே வாய் திறந்து, கொஞ்சம் ரசம் சாதம் கொடுங்கள் என்று கேட்டேன்.

உங்கள்
அனுசு