கோணல் விரல் கோழியின் கால் வளையம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை. கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருக்கிறது.

கோழிகளைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். ஒரு வேரிலிருந்து எடுத்த கூட்டுச் சர்க்கரையைத் தடுப்பூசியோடு சேர்த்துப் போட்டால் எதிர்ப்புச் சக்தி கூடுகிறதா என்று பார்க்கிறோம். வேர்ச்சத்து சேர்த்துப் போட்ட கோழிக்கு நீல வளையம், வெறும் தடுப்பூசி மட்டும் போட்டதற்கு மஞ்சள். கோணல் விரல் கோழிக்கு நானே நீலம் மாட்டினேன். அதற்குச் சக்தி ஏறவே இல்லை. போன வாரம் பார்த்தால் அதன் காலில் மஞ்சள்! சக்தி ஏறாததை இப்படி மஞ்சளுக்கு மாற்றினால் வேர்ச்சத்து பிரமாதமாக வேலை செய்வதுபோலத் தெரியும்.

“ஒரு கோழிக்கு வளையம் மாறியிருக்கு சார்” என்று பேராசிரியரிடம் சொன்னேன். உன்னையும் அம்மா என்றே கூப்பிடுவாளே என் அறைத்தோழி, இதே ஆய்வில் என்னோடு இருப்பவள், அவள் முந்திக்கொண்டாள். “பாவம் சார், இவதான் தூக்கக் கலக்கத்துல மாத்தி மாட்டிட்டா. ஏழு கோழிதானே, விடுங்க.”

நான் சொன்னது ஒரு கோழி. ஏழு என்று மாற்றியவளுக்குத்தானே தெரியும்? அவர் என்னைத்தான் முறைத்தார். இப்போது எனக்குக் குப்பி கழுவும் வேலை. வெந்நீர் என்பதால் குளிருக்கு இதம்தான், சிரிக்காதே.

அவள் இன்னும் “சாப்பிட்டியா?” என்று கேட்கிறாள். நானும் “ஆச்சு” என்கிறேன்.

லேப் பூட்ட வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். கம்பளிக் காலுறை கிழிந்துவிட்டது, அனுப்பு. அவளுக்கும் சேர்த்து இரண்டு ஜோடி வைப்பாயே, இந்த முறை ஒன்று போதும் அம்மா.

உன் மகள்