ஒரு விதிக்கு எத்தனை இடம்

மார்ச் 4, செவ்வாய்
தலைநகர் அசுன்சியோன் முழுக்க வெயில். மருத்துவமனை முன்பதிவு மென்பொருளில் நான் எழுதிய பகுதி, திருத்தச் சொல்லித் திரும்பி வந்துவிட்டது. பல், கண், குழந்தைகள் என மூன்று பிரிவுக்கும் முன்பதிவை ரத்து செய்யும் விதி ஒன்றேதான். மூன்று இடத்தில் தனித்தனியாக எழுதியிருந்தேன். ஆலோசகர் கிரசியேலா, "ஒரே சங்கதிய மூணு தடவ எழுதுவியா? ஒரு விதிக்கு ஒரு இடம்தான்" என்றார். சரிதான்.

மார்ச் 6, வியாழன்
ஒன்றாக்கினேன். குழுத் தலைவர் அனிபால் சிரித்தார். "இன்னிக்கு ஒரே மாதிரி இருக்குன்னு சேத்துக் கட்டிட்டியே அம்மாடி! நாளைக்குப் பல்லு டாக்டர் வேற விதி கேட்டா? பிரி." இதுவும் சரி! இருவரும் ஒப்புக்கொண்டால்தான் என் பகுதியை மென்பொருளில் ஏற்றுவார்கள். 28ஆம் தேதி என் சோதனைக் காலம் முடிகிறது. அதற்குள் இது ஏறாவிட்டால் வேலை போயிற்று.

மார்ச் 9, ஞாயிறு
ஊரிலிருந்து அம்மா பேசினாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். "பெரிய படிப்பு படிச்சவங்க, அவங்க சொல்றபடி செய்." யார் சொல்றபடி அம்மா?

மார்ச் 12, புதன்
பிரித்தேன். திரும்பி வந்தது.

மார்ச் 14
சேர்த்தேன். திரும்பி வந்தது.

மார்ச் 19, புதன்
காலைத் தெரெரே, குளிர்ந்த நீரில் ஊறும் இலைப் பானம். எல்லோருக்கும் ஒரே கொம்புக் குவளை, ஒரே உறிஞ்சுகுழல். வயதில் சின்னவள் நான் என்பதால் குளிர்ந்த நீரை ஊற்றி ஊற்றி நீட்டுவது என் வேலை. "சேத்துதானே வைக்கப்போற?" என்றபடி கிரசியேலா குவளையை வாங்கினார். தலையாட்டினேன். அடுத்த முறை அனிபாலுக்கு. "பிரிச்சிடுவல்ல?" அதற்கும் ஆட்டினேன்.
"அடேங்கப்பா! கிரசியேலாவுக்கும் ஆமா, எனக்கும் ஆமாவா?" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள், கிரசியேலாவைத் தவிர. "எழுதறது நீ. உனக்கு என்ன தோணுது?"
குவளையில் மறுபடி நீர் ஊற்றினேன். எனக்கு என்ன தோணுதுன்னு இதுவரைக்கும் யாரு கேட்டா? ஓடிப்போயிடலாமா —

மார்ச் 24, திங்கள்
இருவர் குறிப்புகளையும் மூடி வைத்தேன். எது, யாரால் மாறும்? ரத்து விதியில் வரும் விடுமுறை நாட்கள் நாட்டுக்கே பொது; அவை ஓர் இடத்தில் இருக்கட்டும். மற்றபடி ரத்து விதி அந்தந்தப் பிரிவு மருத்துவரின் இஷ்டம், அது தனித்தனியாக. காரணத்தையும் எழுதி அனுப்பினேன்.

மார்ச் 27, வியாழன்
அனிபால் ஒப்புதல் தந்தார். கிரசியேலாவும் — "எனக்குப் பிடிக்கல. ஆனா காரணம் சொல்லியிருக்க."

ஏப்ரல் 10, வியாழன்
மூன்று பிரிவிலும் ஒரே பிழை. இரண்டில் திருத்திவிட்டு, குழந்தைகள் பிரிவை மறந்துபோனேன். கிரசியேலாதான் கண்டுபிடித்தார். முகமெல்லாம் சுட்டது. திருத்தினேன்.
"இப்பவாவது சேத்துடலாமா?"
"வேண்டாங்க. கண் பிரிவுல போன வாரமே விதிய மாத்திட்டாங்க. தனியாவே இருக்கட்டும்."
சரி என்று போய்விட்டார்.